மீட்பரை அழைக்கும் குரல்

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்.

1933 ஜனவரியில், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், ஜெரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்னும் 18 வயதுப் பள்ளி மாணவர் இருவர், தாங்களே தட்டச்சு செய்து படியெடுத்து அஞ்சலில் அனுப்பிவந்த சிற்றிதழ் ஒன்றில் 'சூப்பர்மேனின் ஆட்சி' என்றொரு கதையை வெளியிட்டார்கள். சீகல் எழுதினார், ஷூஸ்டர் படம் வரைந்தார். இருவருமே ஐரோப்பாவிலிருந்து பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். பொருளாதாரப் பெருமந்தம் அடிமட்டத்தைத் தொட்ட ஆண்டு அது. அமெரிக்கத் தொழிலாளரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. கதையும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. இலவச ரொட்டிக்காக வரிசையில் நிற்கும் ஏழை ஒருவனை, உண்ண உணவும் உடுக்கத் துணியும் தருவதாகச் சொல்லி ஓர் அறிவியலாளர் வீட்டுக்கு அழைத்துப் போகிறார். தாம் கண்டுபிடித்த மருந்தை அவனுக்குக் கொடுத்துச் சோதிக்கிறார். பிறர் மனத்தைப் படிக்கவும் அதைத் தன் விருப்பப்படி வளைக்கவும் அவனுக்கு ஆற்றல் வந்துவிடுகிறது. வந்த ஆற்றலைக் கொண்டு அவன் பணம் சேர்க்கிறான். ஆற்றல் தந்தவரையே கொல்கிறான். உலகை ஆளத் திட்டமிடுகிறான். மருந்தின் வேகம் தணிந்ததும், அதே ரொட்டி வரிசைக்குத் திரும்ப வேண்டியவனாகிறான். அந்த இருவரின் கற்பனையில் முதன்முதலாகப் பிறந்த சூப்பர்மேன் ஒரு கொடியவன்.

அதே மாதம் 30ஆம் நாள் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனாலும் வேலையும் மதிப்பும் இழந்து நின்ற கோடிக்கணக்கான மக்கள், யாராவது ஒருவர் வந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிட மாட்டாரா என்று ஏங்கிக்கொண்டிருந்த ஒரே காலத்தின் இரண்டு விளைவுகள் அவை. ஹிட்லரை வாழ்த்தக் கையுயர்த்தி முழங்கிய 'ஹைல்' என்னும் ஜெர்மன் சொல்லுக்கு நலம் என்ற பொருளோடு மீட்பு என்ற பொருளும் உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1938 ஜூன் என்று தேதியிட்ட 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் அதே பெயரோடு முற்றிலும் வேறொருவன் வந்தான். 'ஒடுக்கப்பட்டோரின் காவலன்' என்றே முதல் பக்கம் அவனை அறிமுகம் செய்தது. அப்போது அவனுக்குப் பறக்கத் தெரியாது. உயரத் தாவுவான், அவ்வளவுதான். அந்த முதல் இதழில் அவன் செய்தவை என்ன என்று பாருங்கள். செய்யாத கொலைக்காக மரண தண்டனையை எதிர்நோக்கும் ஒரு பெண்ணைக் காப்பாற்றுகிறான். மனைவியை அடிக்கும் ஒருவனைச் சுவரில் மோதுகிறான். மக்கள் பிரதிநிதியை விலைபேசும் ஒரு தரகனைத் தூக்கிக்கொண்டு, அவன் அலற அலறத் தொலைபேசிக் கம்பிகளின் மேல் ஓடுகிறான். வேற்றுக் கிரகப் படைகளும் உலகை அழிக்கும் அரக்கர்களும் பின்னாளில் வந்த சேர்க்கைகள். தொடக்கத்தில் அவன் எதிர்கொண்டவை தவறான தீர்ப்பு, வீட்டுக்குள் நடக்கும் வன்முறை, விலைபோகும் அரசியல் ஆகியவைதாம். முதலாவது நீதிமன்றத்தின் வேலை, இரண்டாவது காவல்துறையின் வேலை, மூன்றாவது வாக்காளரின் வேலை. அவரவர் வேலையை அவரவர் செய்யாத இடத்தில் அவன் கண்ணாடிச் சன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

சீகலின் தந்தை ஒரு துணிக்கடைக்காரர். 1932 ஜூன் 2ஆம் நாள் அவருடைய கடையில் திருட்டு நடந்தபோது அங்கேயே மாரடைப்பில் விழுந்து இறந்துபோனார். அப்போது மகனுக்கு 17 வயது. துப்பாக்கிக் குண்டு துளைக்காத ஒரு மனிதனை அந்த மகன் ஏன் கற்பனை செய்தான் என்பதற்கு இதுவே விடை என்று முடிவுகட்டுவது அவசரம். ஆனால் அந்தக் கற்பனையை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது அதைவிடப் பெரிய அவசரம்.

நமக்கு ஏன் மீட்பர் தேவைப்படுகிறார்? உளப்பகுப்பாய்வை உருவாக்கிய சிக்மண்ட் ஃபிராய்டு இதற்கு ஒரு விடை சொன்னார். மனிதக் குழந்தை வேறெந்த உயிரின் குட்டியைக் காட்டிலும் நெடுங்காலம் துணையற்றுக் கிடக்கிறது. காக்கும் தந்தைக்காக அது ஏங்குகிறது. வளர்ந்த பிறகும் அந்தத் துணையற்ற நிலை தீராததால், ஏங்கிய தந்தையை வானத்தில் வைத்து வணங்குகிறது என்றார். இதில் உண்மை இருக்கிறது. எனினும், மீட்பரைத் தேடுகிறவர்கள் எல்லாரும் மனத்தால் வளராதவர்கள் என்னும் முடிவுக்கு இது நம்மை எளிதில் கொண்டுபோய்விடும். அந்த இடத்தில் நான் ஃபிராய்டிடமிருந்து விலகுகிறேன். ரொட்டி வரிசையில் நின்றவர்களின் கையறு நிலை, குழந்தைப் பருவத்தின் மிச்சம் அன்று. அது வேலையின்மை, வீட்டு வாடகை, மூடப்பட்ட வங்கி. 'திக்கற்றவருக்குத் தெய்வமே துணை' என்று நம் மக்கள் சொல்லும்போதுகூட, அந்தப் பழமொழியின் எடை தெய்வம் என்ற சொல்லில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 'திக்கற்றவர்' என்ற முதற்சொல்லில்தான் இருக்கிறது. திக்கு எப்படி அற்றுப்போனது என்று அந்தச் சொல் கேட்காமல் கேட்கிறது.

நம் அன்றாடத்தில் இதற்கு மிகச் சிறிய, மிகப் பழகிப்போன ஒரு வடிவம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என் குடும்பத்தில் ஒருவரைப் பெரிய மருத்துவமனை ஒன்றில் சேர்க்க வேண்டியிருந்தது. வாசலில் நின்றுகொண்டு நான் முதலில் செய்தது, கைப்பேசியை எடுத்து, 'அங்கே நமக்குத் தெரிந்தவர் யாராவது இருக்கிறாரா?' என்று ஒவ்வொருவராகக் கேட்டதுதான். நோயாளியின் நிலையைச் சொல்வதற்கு முன்பே இந்தக் கேள்விதான் வாயில் வந்தது. ஒருவர் கிடைத்தார், ஒரு சொல் சொன்னார், கதவு திறந்தது. அவரை அன்று நான் கைகூப்பித் தொழுதேன். அந்த நன்றி பொய்யில்லை. வரிசையில் எனக்கு முன்னால் நின்றிருந்த, யாரையும் தெரியாத ஒரு முதியவரின் முகம் வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவில் எழுந்தது. சான்றிதழ் வாங்கப் போனாலும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனாலும், புகார் எழுதிக் கொடுக்கப் போனாலும் நாம் தேடுவது அந்தத் தெரிந்தவரைத்தான். உரிமையாக வர வேண்டியது உதவியாக வருகிற இடத்தில்தான் மீட்பர் பிறக்கிறார். அவர் பறப்பதில்லை, அங்கி அணிவதில்லை என்பதைத் தவிர, செய்யும் வேலையில் வேறுபாடு இல்லை.

ஆகவே மீட்பரை விரும்புகிறவரை நான் ஏளனம் செய்ய மாட்டேன். அந்த விருப்பத்துக்குள் அநீதியைப் பற்றிய துல்லியமான சாட்சியம் ஒன்று இருக்கிறது. ஆனால் அந்த விருப்பம் எதைக் கேட்கிறது என்பதையும் நேர்மையோடு பார்த்தாக வேண்டும். இதற்குப் பிளேட்டோவிடம் போக வேண்டியிருக்கிறது.

'குடியரசு' உரையாடலின் இரண்டாம் பகுதியில், பிளேட்டோவின் உடன்பிறந்தவரான கிளாக்கன் ஒரு கதை சொல்கிறார். லிடியா நாட்டில் கைஜிஸ் என்பவனின் முன்னோன் ஒருவன் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான். நிலநடுக்கத்தில் பிளந்த பூமிக்குள் இறங்கிப் பார்த்தபோது, அங்கே ஒரு பிணத்தின் விரலில் கிடந்த மோதிரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டான். அதன் முகப்பை உள்ளங்கைப் பக்கம் திருப்பினால் அணிந்தவன் பிறர் கண்ணுக்குப் புலப்பட மாட்டான். அரண்மனைக்குப் போனான், அரசியை வசப்படுத்தினான், அரசனைக் கொன்றான், நாட்டைப் பிடித்தான். இப்படிப்பட்ட மோதிரம் இரண்டு இருந்து, ஒன்றை நல்லவனுக்கும் மற்றதைத் தீயவனுக்கும் கொடுத்தால், இருவரும் ஒரே வழியில்தான் போவார்கள் என்பது கிளாக்கனின் வாதம். தண்டனைக்கும் பழிக்கும் அஞ்சுவதால்தான் மனிதர் நேர்மையாக இருக்கிறார்கள். எவரும் பார்க்கவில்லை என்றால் எவரும் நேர்மையாக இருக்க மாட்டார்கள் என்பது அதன் சாரம்.

இந்தக் கதையை முதலில் படித்தபோது எனக்குக் கிரேக்க நாடு நினைவுக்கு வரவில்லை. சிவகாசிதான் வந்தது. 1972இல் அங்கிருந்து முத்து காமிக்ஸ் தன் முதல் வெளியீடாகக் கொண்டுவந்த 'இரும்புக்கை மாயாவி' என் தலைமுறையின் கைகளில் கிழியக் கிழியச் சுற்றிய புத்தகம். 1962இல் பிரிட்டிஷ் வார இதழொன்றில் பிறந்த லூயிஸ் கிராண்டல்தான் தமிழில் மாயாவி ஆனான். ஆய்வுக்கூட விபத்தில் வலக்கையை இழந்து, அதற்கு ஈடாக இரும்புக் கை பொருத்திக்கொண்டவன். உயர் அழுத்த மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் முழுவதும் மறைந்துவிடும். அந்த இரும்புக் கை மட்டும் தெரியும். நாங்கள் அவனை நாயகனாகவே நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் முதல் கதையில் அவன் செய்தது, கிளாக்கன் முன்னறிந்து சொன்னதைத்தான்: மறையும் ஆற்றல் கிடைத்ததும் குற்றத்தில் இறங்கினான். அரசாங்கத்தின் இரகசிய உளவாளியாகி நல்லவன் ஆனதெல்லாம் பிறகு நடந்தது.

அந்தக் கையை எண்ணி அக்கதைக்குப் பெயரிட்டவர்களுக்கு நான் நன்றி சொல்கிறேன். கைஜிஸின் மோதிரம் மனிதனை முழுவதுமாக மறைத்துவிட்டது. எனவே அவனைக் கேள்வி கேட்க ஒருவராலும் முடியவில்லை. மாயாவிக்கோ, செயலைச் செய்கிற உறுப்பு மட்டும் மறையவில்லை. பூட்டை உடைப்பதும் கழுத்தை நெரிப்பதும் விழுகிறவனைத் தாங்கிப் பிடிப்பதும் அந்தக் கைதான். அந்தரத்தில் மிதக்கும் அதை எல்லாரும் பார்த்துவிடலாம். வல்லமையைப் பற்றிச் சிறுவர்களாகிய எங்களுக்குக் கிடைத்த முதல் அரசியல் பாடமாக இன்று அது எனக்குத் தோன்றுகிறது. ஆளைப் பார்க்க முடியாவிட்டாலும் கையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சூப்பர் ஹீரோ என்ற கற்பனையின் உள்ளீடு இந்த இடத்தில்தான் துலங்குகிறது என்று நினைக்கிறேன். வலிமை அதன் மேற்தோல். ஹெர்குலிஸுக்கும் வீமனுக்கும் இல்லாத வலிமையா? அங்கியும் முகமூடியும் மறைந்து வாழும் இரண்டாவது பெயரும் சேர்ந்து அவனுக்குக் கைஜிஸின் மோதிரத்தைத் தருகின்றன. எவரும் அவனை அடையாளம் காண முடியாது, எந்தச் சட்டமும் அவனைக் கட்டாது, எந்தக் குண்டும் அவனைத் துளைக்காது. இருந்தும் அவன் நல்லவனாகவே இருக்கிறான். கிளாக்கனின் கேள்விக்கு, 'ஆம், இருப்பான்' என்று இருபதாம் நூற்றாண்டின் இரண்டு ஏழைச் சிறுவர்கள் வரைந்து காட்டிய விடை அது. காவல் தேவைப்படாத காவலன் ஒருவன் வேண்டும் என்ற கனவு. அதிகாரத்தால் திரும்பத் திரும்ப ஏமாற்றப்பட்டவர்கள் காணும் கனவு இதைவிட வேறாக இருக்க முடியுமா என்று தெரியவில்லை. ஆனால் 1933இல் அதே சிறுவர்கள் எழுதிய முதல் விடை 'இருக்க மாட்டான்' என்பதுதான். அந்த ஐந்து ஆண்டுகளில் உலகம் நல்லதாகிவிடவில்லை, கெட்டுப்போனது. தேவை கூடக் கூட, சந்தேகப்படும் சக்தி நமக்குக் குறைகிறது.

சரி, மீட்பர் உண்மையிலேயே நல்லவராக இருந்துவிட்டால்? அரிஸ்டாட்டில் இந்தக் கேள்வியை 'அரசியல்' நூலின் மூன்றாம் பகுதியில் எடுத்துக்கொண்டு திணறுகிறார். எல்லாருடைய நற்பண்பையும் திறமையையும் ஒன்றாகச் சேர்த்தாலும் ஈடாகாத ஒருவர் ஓர் ஊரில் தோன்றினால், அவர் 'மனிதரிடையே ஒரு கடவுளைப் போன்றவர்'. அவருக்குச் சட்டம் கிடையாது, அவரே சட்டம். ஏதென்ஸ் மக்கள் அளவுக்கு மீறி உயர்ந்தவர்களை ஓட்டாஞ்சில்லில் பெயர் எழுதி வாக்களித்துப் பத்து ஆண்டுகள் நாடு கடத்தினார்கள். நற்பண்பால் உயர்ந்தவரை அப்படித் துரத்துவது முறையாகாது. அவரை மற்றவர்களைப் போல் ஆளவும் முடியாது. ஆகவே எல்லாரும் மகிழ்ந்து அவருக்குக் கீழ்ப்படிவது ஒன்றே வழி என்று முடிக்கிறார். எனக்கு இந்த முடிவு உவப்பானதில்லை. ஆனால் அரிஸ்டாட்டில் இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லிவிடுகிறார்: அப்படி ஒருவர் வந்த கணத்தில் மற்ற அனைவரும் குடிமக்கள் என்ற நிலையிலிருந்து குடிபடைகள் என்ற நிலைக்கு இறங்கிவிடுகிறார்கள். வந்தவர் தீயவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

1939 ஜனவரி இதழில் வந்த ஒரு சூப்பர்மேன் கதை இதை அப்படியே காட்டுகிறது. நெருக்கடியான ஏழைக் குடியிருப்பில் வளரும் சிறுவர்கள் திருட்டில் இறங்குகிறார்கள். குற்றத்துக்குக் காரணம் சிறுவர்கள் அல்லர், அவர்களை வளர்த்த சூழல்தான் என்று சூப்பர்மேன் உணர்கிறான். எவ்வளவு கூரிய பார்வை! புயலில் அழிந்த ஊருக்கு அரசாங்கம் புது வீடு கட்டித் தருகிறது என்று தெரிந்ததும், அவன் அந்தக் குடியிருப்பையே வெறுங்கையால் இடித்துத் தரைமட்டமாக்குகிறான். அரசாங்கமும் நவீன வீடுகளைக் கட்டிக் கொடுக்கிறது. கதை மகிழ்ச்சியோடு முடிகிறது. அங்கு வாழ்ந்தவர்கள் சாமான்களை எடுத்துக்கொண்டு வெளியேறும்படி முன்கூட்டியே சொல்லப்பட்டதோடு சரி. எங்கே கட்டலாம், எப்படிக் கட்டலாம், பிள்ளைகள் எங்கே படிப்பார்கள் என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கூவக் கரையிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் பெயர்க்கப்பட்ட குடும்பங்களின் பேச்சைக் கேட்டவர்கள், இடிப்பதற்கும் கட்டுவதற்கும் நடுவே கேட்கப்படாமல் போன அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்பதை அறிவார்கள்.

எல்லாம் வல்லவன் என்று ஒருவனைப் படைத்துவிட்டால் இன்னொரு தொல்லை பின்னாலேயே வரும். கடவுள் எல்லாம் வல்லவரும் நல்லவரும் ஆனால் துன்பம் ஏன் இருக்கிறது என்று இறையியலார் நூற்றாண்டுகளாகப் போராடிய கேள்வி, காமிக்ஸ் ஆசிரியர்களின் மேசைக்கு வந்து சேர்ந்தது. அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கிய பிறகு, மலையைப் பெயர்க்கும் சூப்பர்மேன் ஒரே பகலில் போரை ஏன் முடிக்கவில்லை என்று வாசகர் கேட்பார்கள். முடித்தான் என்று வரைந்தால், உண்மையான போர்க்களத்தில் உண்மையான பிள்ளைகள் இறந்துகொண்டிருப்பதை அவமதித்ததாகும். ஆகவே 1942இல் நாளிதழ்த் தொடரில் ஒரு வழி கண்டார்கள். கிளார்க் கென்ட் என்ற பெயரில் சாதாரண மனிதனாக மறைந்து வாழும் சூப்பர்மேன், ஆர்வத்தோடு படையில் சேரப் போகிறான். கண் பரிசோதனையின்போது தன் ஊடுருவும் பார்வையால் தவறுதலாக அடுத்த அறையில் தொங்கும் எழுத்துப் பலகையைப் படித்துவிடுகிறான். தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்படுகிறான். எவ்வளவு சிறிய உத்தி! ஆனால் அதற்குள் ஒரு பெரிய ஒப்புதல் வாக்குமூலம் இருக்கிறது. அந்தப் போர் மெய்யாக நடந்துகொண்டிருந்தது. அதற்குள் மீட்பரை விட இடமில்லை.

இத்தாலியச் சிந்தனையாளர் உம்பர்த்தோ எக்கோ 1962இல் எழுதிய கட்டுரையில் இதை இன்னும் ஆழமாகத் தோண்டினார். உலகின் பசியை நொடியில் போக்கக்கூடிய ஒருவன், ஏன் எப்போதும் தன் ஊரில் வங்கித் திருடர்களையே துரத்திக்கொண்டிருக்கிறான் என்று அவர் கேட்டார். அங்கே தீமை என்றால் தனியார் சொத்தைத் தொடுவது. நன்மை என்றால் தர்மம் செய்வது. உலகின் அமைப்பைத் தொடும் எதுவும் நடப்பதில்லை. அவன் உண்மையில் எதையாவது மாற்றிவிட்டால் அடுத்த வாரம் கதை இருக்காது என்பதையும் எக்கோ கண்டார். தேவை தீர்ந்துவிட்டால் மீட்பருக்கு வேலை இல்லை. இதை நாம் பத்திரிகைக் கதைக்கு மட்டும் உரிய விதியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் 1940 பிப்ரவரி 27 தேதியிட்ட 'லுக்' இதழுக்காகச் சீகலும் ஷூஸ்டரும் படைத்த இரண்டு பக்கங்கள் எக்கோவின் சட்டகத்துக்குள் அடங்குவதில்லை. என்னை மிகவும் நெகிழ வைத்த பக்கங்கள் அவை. சூப்பர்மேன் இருந்தால் போரை எப்படி முடிப்பான் என்பது கருப்பொருள். ஹிட்லரையும் ஸ்டாலினையும் ஒவ்வொரு கையில் தூக்கிக்கொண்டு அவன் போகிறான். அவர்களைக் கொல்லவில்லை, சிறையில் அடைக்கவும் இல்லை. ஜெனீவாவில் சர்வதேசச் சங்கத்தின் முன் நிறுத்துகிறான். தற்காக்க வழியற்ற நாடுகளின் மேல் பாய்ந்த குற்றத்துக்காக அந்த மன்றம் தீர்ப்பு வழங்குகிறது. ஹிட்லரின் எஸ்.எஸ். அமைப்பின் வார இதழ் சீகலின் பெயரையும் யூதப் பிறப்பையும் சொல்லி வசைபாடியது அதன் பிறகுதான். சற்று நின்று யோசித்துப் பாருங்கள். பின்லாந்தின் மேல் படையெடுத்ததற்காகச் சோவியத் ஒன்றியத்தை நீக்கியதைத் தவிர வேறெதையும் செய்ய இயலாமல் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்த ஒரு சங்கத்தை, அந்த இரண்டு பக்கங்கள் நீதி வழங்கும் மன்றமாக உயர்த்தி வைத்தன. எதையும் செய்யக்கூடிய ஒருவனைப் படைத்த பிறகு, அந்த இளைஞர்கள் அவனிடம் கேட்டது தீர்ப்பை அன்று. குற்றவாளியைத் தீர்ப்புக்குக் கொண்டுவந்து நிறுத்துவதை மட்டுமே கேட்டார்கள். மீட்பர் வேண்டும் என்ற ஏக்கத்தைத் தோண்டிப் பார்த்தால், அடியில் கிடப்பது ஒழுங்காக இயங்கும் ஒரு நீதிமன்றத்துக்கான ஏக்கம் என்று நான் சொல்வதற்கு இந்தப் பக்கங்களே எனக்குத் துணை.

ஜெர்மன் தத்துவவாதி நீட்சேயைப் பற்றி ஒரு சொல். 1903இல் பெர்னார்ட் ஷாவின் நாடகத் தலைப்பின் வழியாக ஆங்கிலத்தில் பரவிய 'சூப்பர்மேன்' என்ற சொல், நீட்சேயின் அதிமனிதனிலிருந்து வந்தது. அவர் பெயரை நாஜிகள் தங்களுக்கு ஏற்றபடி பயன்படுத்திக்கொண்டது தனிக் கதை. ஆனால் நீட்சேயின் நூலில் ஆசானாக வரும் ஜரதுஷ்டிரர் தம் சீடர்களை விட்டுப் பிரியும்போது, என்னைத் தொலைத்துவிட்டு உங்களைக் கண்டடையுங்கள், நீங்கள் அனைவரும் என்னை மறுத்த பிறகே உங்களிடம் திரும்பி வருவேன் என்கிறார். மீட்பராக இருக்க மறுக்கும் ஆசான் அவர். அந்த மறுப்பை மறந்துவிட்டு ஆற்றலை மட்டும் எடுத்துக்கொண்டதுதான் பின்வந்த பிழை.

அஞ்சாமை என்பது பற்றியும் சொல்ல வேண்டும். காயம் படாதவனால் துணிவு காட்ட முடியாது. குண்டு துளைக்காத மார்பை நீட்டுவதில் என்ன வீரம்? இதை அந்தக் கதைகளைத் தொடர்ந்து எழுதியவர்களே உணர்ந்தார்கள். 1943இல் வானொலித் தொடரிலும் 1949இல் காமிக்ஸிலும் கிரிப்டோனைட் என்ற கல் நுழைந்தது. சூப்பர்மேனுக்கு வலிக்கத் தொடங்கியது. 1962இல் வந்த ஸ்பைடர்மேன், தான் தடுக்காமல் விட்ட திருடனாலேயே வளர்ப்புத் தந்தையைப் பறிகொடுத்த குற்றவுணர்வோடு பிறந்தான். வாசகர்கள் அவனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டதற்கு அந்தக் காயம்தான் காரணம்.

நம் முன்னோர் இதை வேறு விதமாகத் தீர்த்து வைத்திருந்தார்கள். பகைவர் முன் நின்று தடுத்து, யானையை வீழ்த்தித் தானும் வீழ்ந்தவனின் கல்லைத் தவிர, 'நெல்லுகுத்துப் பரவும் கடவுளும் இலவே' என்று மாங்குடி கிழார் புறநானூற்றில் பாடுகிறார். அங்கே வழிபடப்படுகிறவர் இறந்துவிட்டவர். ஆநிரை மீட்கப் போனவர், அதே ஊர்க்காரர், அவருக்குப் பெயர் உண்டு, தாய் உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று, தொறு, அதாவது கால்நடைக் கூட்டம், மீட்டுப் பட்ட வீரனோடு, கள்ளனைக் கடித்துத் தலைவனைக் காத்து நின்ற கோவிவன் என்ற நாயின் பெயரையும் பொறித்து வைத்திருக்கிறது. நாய்க்கும் பெயர் சொல்லும் அந்த ஊர், வானத்திலிருந்து ஒருவர் வருவார் என்று காத்திருக்கவில்லை; தன்னிலிருந்து ஒருவரை அனுப்பியது, இழந்தது, கல் நட்டது. போரையும் கொள்ளையையும் போற்றும் சமூகம் அது என்பதை நான் மறக்கவில்லை. எனினும், காப்பாற்றியவருக்கும் காப்பாற்றப்பட்டவர்க்கும் நடுவே அங்கே இருந்த உறவைச் சூப்பர்மேனின் நகரத்தில் நான் காணவில்லை.

வள்ளுவரோ மீட்பரையே காட்சியிலிருந்து எடுத்துவிடுகிறார்.

'அல்லற்பட்டு ஆற்றாது அழுதகண் ணீரன்றே
செல்வத்தைத் தேய்க்கும் படை'

கொடுங்கோன்மை அதிகாரத்தில் வரும் குறள். துன்பம் பொறுக்கமாட்டாமல் அழுதவர்களின் கண்ணீரைப் பார்த்து யாரோ படை திரட்டிக்கொண்டு வருவதாக அவர் சொல்லவில்லை. கண்ணீரே படை என்கிறார். அழுகிறவர்தாம் அங்கே ஆற்றல் உடையவர்.

சூப்பர்மேனைப் படைத்த இருவருக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லி என் உரையை முடித்துக்கொள்கிறேன். 1938இல் அவர்கள் தங்கள் படைப்பின் எல்லா உரிமைகளையும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தொகையை இருவரும் பங்கிட்டுக்கொண்டார்கள். உரிமை கேட்டுத் தொடுத்த வழக்கு 1948இல் முடிந்த பின், இதழ்களிலிருந்து அவர்கள் பெயரும் நீக்கப்பட்டது. 1975இல் சீகல் லாஸ் ஏஞ்சலீஸில் குறைந்த சம்பளத்தில் எழுத்தர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஷூஸ்டருக்குப் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. சூப்பர்மேனைப் பெருஞ்செலவில் திரைப்படமாக எடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது, 42 ஆண்டுகளுக்கு முன் சிற்றிதழைத் தட்டச்சு செய்த அதே மனிதர், தமக்கு நேர்ந்ததை எல்லாம் விரிவாகத் தட்டச்சு செய்து பத்திரிகைகளுக்கு அனுப்பினார். சிலர் அதைப் படித்தார்கள். நீல் ஆடம்ஸ், ஜெரி ராபின்சன் என்னும் ஓவியர்கள் இருவர் முன்னே நின்றார்கள், கேலிச்சித்திரக்காரர்களின் சங்கங்கள் சேர்ந்தன, செய்தியாளர்கள் எழுதினார்கள், தொலைக்காட்சியில் பேச்சு எழுந்தது. நிறுவனத்தோடு வாரக்கணக்கில் பேச்சுவார்த்தை நடந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் இருவருக்கும் ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் வாழ்நாள் ஓய்வூதியமாக வழங்க ஒப்புக்கொள்ளப்பட்டது. அவர்கள் இழந்ததற்கு அது ஈடாகாது. பணத்தைவிடப் பெயருக்காக அவர்கள் அதிகம் போராடினார்கள். அதுவும் உடன்பாட்டில் இடம்பெற்றது. அடுத்த ஆண்டிலிருந்து சூப்பர்மேன் கதைகளின் தொடக்கப் பக்கத்தில் அந்த வரி மீண்டும் அச்சாயிற்று: படைத்தவர்கள் ஜெரி சீகல், ஜோ ஷூஸ்டர்.

நன்றி. வணக்கம்.